அழிலப்பர் சன்னதி எங்கே?

திருவண்ணாமலையில் முற்றும் துறந்தவர் என்று நான் என் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். அவர் காவி கட்டவில்லை, தாடி வளர்க்கவில்லை. கட்டம் போட்ட லுங்கியும் பனியனுமாக, தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மற்ற சாமியார்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவர்கள் செருப்பையும் வாங்கி வைத்துக் கொடுத்தவள் நான். வார் அறுந்த செருப்பு மாறிப்போனதாக நினைத்து யார் யார் என்ன குதி குதித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் தொழில் செருப்பு ஸ்டாண்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் கழற்றிக் கொடுப்பார்கள், நான் தகர டோக்கன் கொடுப்பேன். படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. எண் தெரியும், என் பெயரை எழுதத் தெரியும். அந்தத் தொழிலுக்கு அதுவே ஜாஸ்தி. இத்தனை வருடத்தில் என்னிடம் விட்ட செருப்பில் ஒற்றைச் செருப்புகூடத் தொலைந்ததில்லை. டோக்கனைத் தொலைத்தவர்களுக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. கூட்டம் கலைந்து கடைசி ஜோடி மிஞ்சும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் இருந்து ஜீப்பில் வந்த பெரிய ஆபீசரையே உட்கார வைத்திருக்கிறேன். அவருடைய டிரைவர் ஓடி வந்து, "சார் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றான்.

"தெரியும்பா. டோக்கன் தொலைச்சவரு" என்றேன்.

இரண்டாயிரம் ஆண்டு பிறந்த புதிதில் என் ஸ்டாண்டுச் சுவரை ஒட்டி அந்தக் கடை வந்தது. மூன்று டிவி, கேம் ஓட்டுகிற மூன்று பெட்டி, கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள். பையன்கள் ஆடியது எல்லாம் சண்டை கேம். அது ஒன்றாம் பாகம், இரண்டாம் பாகம் என்று வந்துகொண்டே இருக்கும். அப்போது ஓடியது மூன்றாம் பாகம். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டே அதன் சங்கதி முழுதும் எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் டிவியில் கொஞ்சம் பேர் முகம்தான் வரிசையாக இருக்கும். மிச்சக் கட்டமெல்லாம் இருட்டு. ஒரு ஆளை வைத்துக் கடைசிவரை சண்டை போட்டு ஜெயித்தால் ஒரு கட்டம் திறக்கும், புது ஆள் வருவான். திறந்ததை எல்லாம் ஒரு சின்னக் கார்டு ஞாபகம் வைத்திருக்கும். மெமரி கார்டு என்பார்கள், தீப்பெட்டி அளவுதான், கடைக்கே ஒன்றுதான். அதில் ஏறியதை அழித்துவிட்டால் பழையபடி அதே கொஞ்சம் முகம், மிச்சம் இருட்டு.

அவர் அதை அழிப்பார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, திதி நடக்கும்போதே, தலைக்குக் குளித்து விபூதி இட்டுக்கொண்டு வந்து அழிப்பார். டிவி இங்கிலீஷில் ஒரு தரம் கேட்கும், அவர் பொத்தானை அமுக்குவார். நிஜமாகவா என்று இன்னொரு தரம் கேட்கும், மறுபடி அமுக்குவார். பையன்கள் காலைப் பிடிப்பார்கள். "அண்ணா, வேணாம்ணா! நேத்துதாண்ணா அந்த வாலு வெச்சவனைத் தொறந்தேன்!" என்று ஒருவன் அழுவான். ஒருவன் கார்டைத் திருடி அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு ஓடினான். அவனைப் பிடித்து, கயிற்றை அவிழ்த்து, கார்டை எடுத்துக்கொண்டு, மறக்காமல் கயிற்றைத் திருப்பிக் கட்டிவிட்டு வந்து அழித்தார்.

பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பருக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அழிலப்பர் என்பார்கள். அதுவே அவர் பெயர் ஆகிவிட்டது. அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு பையனுடைய அப்பா சண்டைக்கு வந்தார். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற ஆள். கையைப் பார்த்தாலே பயமாக இருக்கும்.

"யோவ், என் புள்ள சேர்த்து வெச்சதை எல்லாம் அழிச்சிட்டியாமே?"

"ஆமாங்க."

"இன்னாத்தை சேர்த்து வெச்சிருந்தான்?"

"கேம்ல நாலு ஆளு தொறந்து வெச்சிருந்தான்ங்க."

அப்பா பையனைப் பார்த்தார். பிறகு அந்த டிவியைப் பார்த்தார். "டியூசன் டியூசன்னு சொல்லிட்டு இதைத்தான் தொறந்துகினு இருந்தியாடா?" என்று காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனார். சந்து முனைவரை போனவர் திரும்பி நின்று, "அண்ணாத்தே, பௌர்ணமியோட நிறுத்தாதீங்க. அமாவாசைக்கும் அழிங்க!" என்று கத்திவிட்டுப் போனார்.

கேமோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒருநாள் அவர் கடை கரண்ட் ஒயரை என் ஸ்டாண்டுக் கம்பியில் சுற்றிவிட்டார் என்று நான் பிடி பிடி என்று பிடித்துவிட்டேன். அவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார். மறுநாள் காலையில் பல் எல்லாம் தெரிய, "அக்கா, நல்லாகீறீங்களா?" என்கிறார்.

"நேத்து என்னை இன்னா சொன்னே?"

"நேத்தா? அது போச்சேக்கா. நான் எதையும் சேவ் பண்றது இல்ல."

நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த நாலு வார்த்தை வீணாய்ப் போனது. இந்த ஆளோடு சண்டையைத் தொடர முடியாது. சரி, கெட்டதைத்தான் அழிக்கிறார் என்றால் நல்லதும் நிற்காது. பாயசம் வைத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டால், "எந்தப் பாயசம்?" என்பார். அதற்குப் பிறகு பாயசத்தை என் கண்ணெதிரில் குடிக்க வைத்து, கையோடு கையாக, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன்.

பையன்கள் சும்மா இருப்பார்களா? சந்துச் சுவரில் கரியால் 'அழிலப்பர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அம்புக்குறியும் போட்டுவிட்டார்கள். நெல்லையப்பர், ஐயாறப்பர் என்று கேட்டுப் பழகின ஜனம். அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஒருவர், சென்னைக்காரர், என்னிடம் செருப்பைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, இந்த அழிலப்பர் சன்னதி எங்கம்மா இருக்கு? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"பக்கத்துலதான். அந்த நீலக் கதவு."

"இன்னா விசேசம்மா அவருக்கு?"

நான் பொய் பேசுகிறவள் இல்லை. "அவனவன் சேர்த்து வெச்சதை எல்லாம் பௌர்ணமி அன்னிக்கு அழிச்சிடுவாரு" என்றேன்.

அந்த மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "நான் நெறைய சேர்த்துட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே போய்க் கடை வாசற்படியில் கற்பூரம் ஏற்றிவிட்டார். உள்ளே அழிலப்பர் அப்போதுதான் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பினார். விபூதி நெற்றி, பின்னால் டிவி வெளிச்சம். சென்னைக்காரர் தடாலென்று விழுந்து கும்பிட்டார். "சார், எழுந்திரிங்க சார், ஒரு மணி நேரம் ஆடறீங்களா, அரை மணி நேரமா?" என்று இவர் கேட்கிறார். அவருக்கு அது ஏதோ பெரிய உபதேசமாகக் கேட்டிருக்க வேண்டும். ரொம்ப நேரம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மறு பௌர்ணமிக்கு ஆந்திராவில் இருந்து ஒரு வேன் வந்தது. தேங்காய், பழம் எல்லாம் வந்தது. பயந்துபோய் அவர், 'இது கோயில் இல்லை, நான் சாமி இல்லை' என்று அட்டையில் எழுதி மாட்டினார். எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், இதை மட்டும் எழுதக் கூடாது. கூட்டம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கடைசியில் கரியைச் சுரண்டி அழித்த பிறகுதான் அடங்கியது. அதையும் அவர்தான் அழித்தார்.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, உங்க ஸ்டாண்டுல எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுத்தானே உள்ள போறாங்க? பெரிய ஆபீசரும் வெறுங்கால், மூட்டை தூக்கறவரும் வெறுங்கால். என் கடையும் அப்படித்தான். தினம் வர்றவன் எல்லா ஆளையும் தொறந்து வெச்சுகினு குந்தியிருந்தா, வாரத்துக்கு ஒரு நாள் வர்றவன் எப்படி ஜெயிப்பான்? மாசத்துக்கு ஒரு தபா எல்லாரும் கழட்டணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இனி என் மகள் வசந்தியைச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பத்தாவதில் கணக்கு போய்விட்டது. திரும்ப எழுதுவதற்குள் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டைப் பார்க்க ஆள் இல்லாமல் அவள் வந்தாள். தையல் வகுப்பும் அதே மாதிரி பாதியில் நின்றது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கிற வீட்டில் இருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கட்டை விரலைப் பாருங்க, எப்படிக் காய்ச்சுப் போயிருக்கு! இந்தக் காலத்துல இப்படி வேலை செய்யற பொண்ணு யாருக்குக் கெடைக்கும்?" என்று அங்கேயே பூ வைத்துவிட்டார்.

வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். செருப்பு எடுத்துக் கொடுத்துக் கட்டை விரல் காய்க்காது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"விரல்ல இன்னாடி?"

"சண்டைம்மா."

"யாரோட?"

"எல்லாரோடயும்."

பையன்கள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில், நான் கோயில் வாசலில் கூட்டத்தைக் கூப்பிடப் போகிற நேரத்தில், பக்கத்துக் கடையில் காலியாகக் கிடக்கிற நாற்காலியில் உட்கார்ந்து இவள் ஆடியிருக்கிறாள். சாயங்காலம் வந்து பார்க்கிற பையன்கள், "நேத்து இருட்டா இருந்த கட்டம் இன்னிக்கு தொறந்துகீதுடா, அழிலப்பர் அருள்!" என்று கத்தினது எல்லாம் இவள் வேலைதான்.

"கடைசியா ஒரு கட்டம் இருக்கும்மா. மத்ததை எல்லாம் தொறந்தாத்தான் அது தொறக்கும். ஒவ்வொரு தபாவும் கிட்டப் போறேன், பௌர்ணமி வந்துடுது." கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "கணக்கு போச்சு. தையல் போச்சு. இந்த ஒண்ணாவது முடிச்சேன்னு இருக்கட்டுமேம்மா. அங்க போயிட்டா எனக்கு ஏது கேம்?"

கல்யாணம் அடுத்த வளர்பிறையில். நடுவில் ஒரு பௌர்ணமி. அன்றைக்கு அழிக்காமல் இருந்தால் அவள் முடித்துவிடுவாள். அழித்தால் முடியாது. அவ்வளவுதான் விஷயம். கேம் எல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். பார்த்ததும் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

"ஏம்பா, இந்த ஒரு பௌர்ணமி மட்டும் விட்டுடு."

அவர் முகம் வாடியது. "வசந்திக்காகவா? எனக்கு மட்டும் ஆசை இல்லையாக்கா? ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அந்தப் பசங்க அழுதப்ப நான் விட்டனா?"

"எல்லாரும் கழட்டிட்டுத்தான் போவணும்னு சொன்னியே. என் ஸ்டாண்டுல கழட்டினவங்க திரும்பி வந்து அவங்க செருப்பை மாட்டிகினு போறாங்க. நான் திருப்பிக் குடுக்கறேன். நீ குடுக்கறியா?"

மறுநாள், "நான் கேட்டது இன்னா ஆச்சு?" என்றால், "எதைக்கா?" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில், பாயசம் வைக்கிறதே இனி இல்லை என்று முடிவு செய்தேன்.

பௌர்ணமிக்கு முதல் நாள் என் ஸ்டாண்டில் வரிசை. வரிசையில் அழிலப்பர் நிற்கிறார். பக்கத்துக் கடைக்காரர், நேராக முன்னால் வந்தால் டோக்கன் கொடுக்க மாட்டேனா? வரிசையில் நின்றே வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் அந்தக் கார்டு.

"இதை வெக்கணும்க்கா."

"இது செருப்பு ஸ்டாண்டுப்பா."

"கழட்டினதை எல்லாம் வெப்பீங்கல்ல? இதுவும் மெசின்ல இருந்து கழட்டினதுதான்."

பின்னால் நிற்கிறவர்கள் கத்தினார்கள். மேல் வரிசையில் ஒரு அறையில் கார்டை வைத்து, டோக்கனைக் கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பையன்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். வாராவாரம் சினிமாவுக்குக் கூடுகிற மாதிரி, அழுவதற்கும் ஒரு கூட்டம் கூடும். அழிலப்பர் குளித்துவிட்டு விபூதியோடு வந்தார், பையன்கள் பின்னால் வர என் முன்னால் நின்றார்.

"அக்கா, கார்டைக் குடுங்க. அழிக்கணும்."

"டோக்கன்?"

லுங்கி மடிப்பைத் தேடினார். இடுப்பைத் தட்டினார். பனியனைத் தடவினார். பனியனில் ஏது பை? இல்லாத பையிலும் கையை விட்டுப் பார்த்தார். "எங்கியோ தொலைஞ்சுடுச்சுக்கா" என்றார்.

"தொலைஞ்சுதுன்னா பெஞ்சுல குந்து. கடைசி ஜோடி போறவரைக்கும்."

"அக்கா, திதி பத்தரைக்கு முடியுதுக்கா!"

"அதுக்கு நான் இன்னா பண்ண? ஆபீசரே குந்தியிருக்காரு."

பையன்கள் கொதித்தார்கள். "ஆயா, அவருதான் வெச்சாருன்னு உனக்குத் தெரியும்ல, குடு ஆயா!" என்று ஒருவன். "எங்களுதை எல்லாம் அழிச்சாருல்ல!" என்று இன்னொருவன். நியாயம்தான். அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. ஒரு நொடி என் கை அந்த அறைப் பக்கம் போனதுகூட உண்மை. ஆனால் சட்டம் சட்டம்தான். பௌர்ணமிக் கூட்டத்தில் கடைசி ஜோடி என்பது லேசில் வருமா? செருப்பு வந்துகொண்டே இருந்தது, நான் எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் என் கடிகாரத்தையும் தினசரிக் காலண்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை தாண்டியது. எழுந்து லுங்கியை உதறிக்கொண்டார். "திதி போச்சுடா. இனிமே அழிச்சா செல்லாது. அடுத்த பௌர்ணமிக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

செல்லாது என்றால் செல்லாதுதான். எங்கள் ஊர்ப் பையன்களுக்குத் திதி தெரியும். முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "ஆயா, நீ பெரிய வில்லி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும், எனக்குப் பக்கத்தில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த வசந்தி தாவணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே டோக்கன்.

"உனக்கு எப்படிடி வந்துச்சு?"

"நேத்தே குடுத்துட்டாரும்மா. 'உங்க அம்மா மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, டோக்கன் இல்லாம சாமியே வந்தாலும் குடுக்காது'ன்னாரு."

சட்டத்துக்காகத்தான் நான் கொடுக்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சட்டத்தையே பூட்டாகப் போட்டு, சாவியை என் மகள் கையில் கொடுத்திருக்கிறார் மனிதர்! அன்று சாயங்காலம் பாயசம் வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு காலை, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல். முழங்காலோடு ஓடினேன். கடைசிக் கட்டம் திறந்திருந்தது. அதில் இருந்தது ஒரு கிழவன். தரையில் படுத்துத் தூங்குகிறான். எதிராளி நாலு உதை விட்டால்தான் எழுந்து உட்காருகிறான், ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான்.

"இதுக்காடி விரலைத் தேய்ச்சே?" என்றேன்.

வசந்தி சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உடைந்தே போனது. அழிலப்பர் டிவியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிச்சிட்டா பாருங்கக்கா. முழுசா முடிச்சிட்டா" என்றார், தானே முடித்த மாதிரி.

பத்திரிகை வைக்கும்போது பெயர் கேட்டேன். "எல்லாரும் கூப்பிடறதையே போடுங்க" என்றார். கவரில் 'திரு. அழிலப்பர்' என்று வசந்தி எழுதியதைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "சாமிக்கு மொதல் பத்திரிகை வெச்சிட்டீங்களா, நல்ல பழக்கம்" என்றார். பந்தியில் அந்தச் சாமி மூன்றாம் தரம் ரசம் கேட்டபோது யாரும் அவரைச் சம்பந்தியம்மாவுக்கு அறிமுகம் செய்துவைக்கவில்லை.

வசந்தி போகும்போது கார்டை என் ஸ்டாண்டிலேயே, அதே அறையில், திரும்ப வைத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொண்டு போனாள். அவர் புதுக் கார்டு வாங்கி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதை அழித்துக்கொண்டிருந்தார். பிறகு நாலாம் பாகம், அதற்குப் புதுப் பெட்டி, பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர். பழைய கார்டு எதிலும் ஏறாது என்றார்கள். பையன்கள் வருவது கம்மியானது. ஒருநாள் டிவிகளை வேனில் ஏற்றிவிட்டு, ஓசூர்ப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று வந்து நின்றார்.

"அக்கா, அந்தக் கார்டு..."

"டோக்கன்?"

சிரித்தார். "அது வசந்திகிட்டத்தானே இருக்கு."

"அப்போ அவ வந்து கேட்டாத்தான் குடுப்பேன்."

"அது போதும்க்கா." இரண்டு அடி வைத்தவர் திரும்பினார். "யாராவது கேட்டாக் குடுத்துடாதீங்க. அழிச்சிடப் போறாங்க."

போய்ச் சேர்ந்த இடத்தில் என்னை ஞாபகம் வைத்திருப்பாரா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. அவர் எதையும் சேவ் பண்ணுகிறவர் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் நெருக்குகிறது, இடம் போதாமல் ஜனங்களைத் திருப்பி அனுப்புகிறேன். மேல் வரிசையில் அந்த ஒரு அறையில் மட்டும் நான் இன்றுவரை யார் செருப்பையும் வைப்பதில்லை.